ரேந்தைப் பின்னல்: பெயரும் தொழிலும்

நூலைக்கொண்டு ஆடை செய்யும் தொழில்களுள் நெசவைத் தமிழ் இலக்கியம் நன்கு அறியும். பாம்பின் உரியையொத்த நுண்ணிய ஆடையைப் பொருநராற்றுப்படை காட்டும். கலிங்கம், துகில், அறுவை எனத் துணிக்கு வழங்கிய பெயர்கள் பல. ஆயின், தறியும் பாவும் இன்றி நூலோடு நூலைப் பிணைத்து, நூலினும் துளையே மிகுதியாகத் தோன்றுமாறு ஆக்கப்படும் அணிவேலை ஒன்று உண்டு. அதனை இந்நாளில் தமிழ்நாட்டார் 'லேஸ்' என்பர். ஈழத்துத் தமிழர் 'ரேந்தை' என்பர். 'பின்னல்' என்னும் பொதுச்சொல்லாலும் அது சுட்டப்பெறும். ஒரே பொருளுக்கு இவ்வாறு மூன்று பெயர் வழங்குமாயின், அவை மூன்றும் வெவ்வேறு வழியாக வந்திருத்தல் கூடும் என்பது சொல்லாராய்ச்சியில் பழகியோர் எளிதில் உய்த்துணரத்தக்கதே. அவ்வழிகளை ஆராயப் புகுவோர்க்கு அகராதி மட்டும் போதாது. தொழில் நடைபெறும் முறையையும், அதனைச் செய்த கைகள் யாருடையவை என்பதையும் காணுதல் வேண்டும். அங்ஙனம் காணின், பொருளின் பெயர் ஒரு வழியிலும் தொழில் பிறிதொரு வழியிலும் நம் நாட்டிற்கு வந்தமை புலனாகும். அத்தொழிலை இங்கு முதலிற் கற்றவருள் அடிமைச் சிறுமியரும் இருந்தனர் என்பதும் தெரியவரும்.

செய்து காட்டும் தொழில்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்த் தேவாலயங்களில் மலர்விழா என்றொரு வழக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே அது பெரிதும் பரவிற்று. சாளரங்களின் அடியிலும் தூண்களைச் சுற்றியும் பலிபீடத்தின் முன்னும் மலர்களை அழகுற அமைத்து மக்களை வரவேற்பர். கோயிற் பழுதுபார்ப்புக்குப் பொருள் சேர்த்தல் பெரும்பாலும் அதன் நோக்கமாகும். அவ்விழாக்களில் ஒரு மூலையில் பெண்மணி ஒருவர் அமர்ந்து, திண்டின்மேல் கட்டைகளைப் புரட்டி ரேந்தை பின்னிக் காட்டுதலையும் பல ஊர்களில் காணலாம். பிழைப்பாக இருந்து மறைந்த தொழில் அங்கே காட்சியாக வாழ்கின்றது. அதனைப் பேணுவதற்கென்றே அந்நாட்டில் 1976-இல் 'லேஸ் கில்டு' என்னும் கழகம் நிறுவப்பெற்றது.

தென்தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளிலும் இதனோடு ஒருபுடை ஒப்புமையுடைய விழாக்கள் உள. அறுப்பின் பண்டிகை, தோத்திரப் பண்டிகை என அவை பெயர்பெறும். நிலத்தில் விளைந்ததும் கையாற் செய்ததும் காணிக்கையாக வந்து சேரும். பின்னர் அவை ஏலத்தில் விற்கப்படும். வாழைத்தாரும் பூசணியும் கோழியும் கைவேலைத் துணியும் ஒரே வரிசையில் நிற்கும். அங்கே பின்னல்வேலை காட்சிக்குரியது, இங்கோ விலைக்குரியது. இவ்வேறுபாடு சிறிதன்று. பின்வரும் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமையும்.

ரேந்தைப் பின்னலை எழுத்தால் விளக்குதல் அரிது. கண்முன் செய்து காட்டினால் அரைநாழிகையில் விளங்கிவிடும். எனினும் இயன்றவரை ஈண்டு விளக்குவோம். கருவிகள் சிலவே: வைக்கோலை இறுகத் திணித்த திண்டு ஒன்று, அதன்மேல் பொருத்திய, குண்டூசியால் துளையிடப்பட்ட தடித்த அட்டை ஒன்று, குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள். இரும்பூசி துருப்பிடித்து வெண்ணூலைக் கறைப்படுத்தும் ஆதலின் பித்தளையூசியையே கொள்வர். கட்டைகள் இணையிணையாகவே எண்ணப்படும். குறுகிய விளிம்புக்கு இருபது இணை அளவில் அமையும். அகன்ற வேலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். எத்தனை கட்டைகள் திண்டின்மேல் கிடந்தாலும் கை ஒரு நேரத்தில் ஆள்வது நான்கினையே.

அந்நான்கினை இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணிக்கொள்வோம். இரண்டாவதை மூன்றாவதன்மேல் கொண்டுசெல்லுதல் ஓர் அசைவு. இதனைக் குறுக்கீடு எனலாம். இரண்டாவதை முதலாவதன்மேலும் நான்காவதை மூன்றாவதன்மேலும் கொண்டுசெல்லுதல் மற்றோர் அசைவு, இது முறுக்கு. அடிப்படை அசைவுகள் இவ்விரண்டே. குறுக்கீடும் முறுக்கும் ஒவ்வொரு முறை நிகழின் அரைத்தையல் தோன்றும். குறுக்கீடு, முறுக்கு, மீண்டும் குறுக்கீடு என நிகழின் துணித்தையல் தோன்றும். பின்னதில் ஓரிணை நூல் ஊடைபோல் குறுக்கே செல்ல ஏனையவை பாவுபோல் நிற்பதால், அவ்விடம் தறியில் நெய்தது போன்றே காணப்படும். எனவே நெசவு என்பது இக்கலைக்குள் ஒரு கூறாக அடங்கிவிடுகின்றது. எண்கள் இடத்துக்கு உரியன, கட்டைக்கு உரியன அல்ல என்பதைக் கற்போர் மறத்தலாகாது. ஓர் அசைவு முடிந்தவுடன் இரண்டாம் இடத்தில் எக்கட்டை கிடக்கின்றதோ அதுவே அடுத்த அசைவுக்கு இரண்டாவதாகும். புதியோர் முதலில் இடறுவது இவ்விடத்திலேதான்.

அட்டையில் உள்ள துளைதோறும் இணைகளுக்கு நடுவே ஊசி குத்தி நூலை நிறுத்துவர். பின்னல் முன்னோக்கி வளர்ந்து உறுதிப்பட்டபின், பின்னே நின்ற ஊசிகளைப் பிடுங்கி முன்னே குத்துவர். மிக நுண்ணிய வேலையாயின் ஒருநாள் உழைப்புக்கு ஓரிரண்டு அங்குலமே வளர்தலும் உண்டு. இங்கே அட்டையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அதில் உள்ளவை புள்ளிகளே. எந்த நான்கு கட்டைகளை எப்பொழுது எடுப்பது, எத்தனைமுறை முறுக்குவது என்பன அதில் எழுதப்பட்டில. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியில்லாத எழுத்தைக் காண்கின்றோம்; இவ்வட்டையில் எழுத்தில்லாத புள்ளியைக் காண்கின்றோம். இரண்டையும் படிக்க வல்லவர் முன்னரே அறிந்தவர் மட்டுமே. ஆகவேதான் இக்கலை நூல் வழியாகப் பரவாது, ஒருவர் கையைப் பார்த்து மற்றொருவர் கற்கும் முறையிலேயே பரவிற்று. ஐரோப்பாவிலும் இந்நிலையே இருந்தது. 1561-இல் சூரிச் நகரில் வெளிவந்த மாதிரிநூல் ஒன்று, இப்பின்னல் 1536-இல் இத்தாலிய வணிகர் வாயிலாக அந்நகரை அடைந்ததாகக் கூறும். அதனை ஆக்கியவர் ரேந்தை கற்பித்த ஓர் ஆசிரியை. தம் பெயரை அவர் முழுமையாக வெளியிட்டிலர், 'ஆர்.எம்.' என்னும் இரண்டு முதலெழுத்துகளே எஞ்சியுள்ளன.

பூத்தொடையும் நூற்பின்னலும்

புள்ளியைப் பற்றி இழையை ஓட்டும் பயிற்சி தமிழ்ப் பெண்டிர்க்குப் புதிதன்று. வாயிலில் இடும் புள்ளிக்கோலத்தில், புள்ளிகளை வளைத்தும் ஒன்றையொன்று குறுக்கிட்டும் கோடு செல்லும் முறை அன்றாடம் கைவந்ததே. பூத்தொடுத்தலும் அத்தகையது. விழுப்புரத்தை அடுத்த கெடார் முதலிய ஊர்களில் கோயிலாயினும் தேவாலயமாயினும் விழாவுக்கு முந்திய மாலையில் பெண்டிர் கூடியமர்ந்து பூத்தொடுத்தலைக் காணலாம். இரண்டு பூவை ஒருபுறமும் இரண்டு பூவை எதிர்ப்புறமும் வைத்து, நூலைச் சுருக்காக வளைத்து இழுத்து, ஊசியின்றியே நீண்ட சரத்தை ஆக்குவர். விரல்களின் விரைவு கண்ணுக்குப் பிடிபடாது.

இத்தொழிலிலிருந்து தமிழ் பெற்ற சொற்கள் எண்ணத்தக்கன. பிணைத்தலால் பிணையல், தொடுத்தலால் தொடையல், கோத்தலால் கோவை. இவை தொழிலின் பெயர் தொழிலின் பயனாகிய பொருளுக்கு ஆகிவந்தவை. பின்னல் என்பதும் அவ்வாறே தொழிலாகுபெயராய் நிற்கும். அயல்மொழிகள் இப்பொருளுக்கு இட்ட பெயர்களை ஒப்பிடின் நோக்கின் வேறுபாடு விளங்கும். பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் 'தாந்தெல்'. சிறுபல் என்பது அதன் பொருள். இத்தாலிய மொழியில் 'மெர்லெத்தோ'. கோட்டைமதிலின் சிறு ஞாயில் என்பது பொருள். செருமன் மொழியில் 'சுபிட்சே'. முனை என்பது பொருள். டச்சு மொழியில் 'காந்த்'. விளிம்பு என்பது பொருள். இவையெல்லாம் முடிந்த பொருளின் வடிவையோ அது நிற்கும் இடத்தையோ நோக்கி எழுந்தவை. அணிவோர் கண்ணுக்குப் பட்டது அது. 'பின்னல்' என்னும் தமிழ்ப் பெயரோ செய்வோர் கையை நோக்கி எழுந்தது.

ஆங்கில 'லேஸ்' என்பது சுருக்கு, கண்ணி எனப் பொருள்படும் 'லாக்குவெயுசு' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முதலில் அது கட்டும் கயிற்றைக் குறித்து, பின்னரே இப்பின்னலைக் குறிக்கலாயிற்று. தமிழிலும் 'கண்ணி' என்னும் சொல் பறவை பிடிக்கும் சுருக்கையும் குறிக்கும். சூடும் மாலையையும் குறிக்கும். இது கண்டு இரண்டையும் உறவாக்க முயல்வோர் இருத்தல் கூடும். இஃது உறவன்று, வளைத்துப் பிணிக்கும் தொழில் ஒன்றாதலின் பொருள் ஒரே திசையில் விரிந்தது என்று கொள்ளுதலே முறை. ஒலியொப்புமையையும் பொருளொப்புமையையும் வேர்ச்சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லையாதலின் இதனைச் சுட்டவேண்டியதாயிற்று.

நாகர்கோவில்

தொழில் தமிழ்நாட்டிற்கு வந்த காலம் வியப்பிற்குரியது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் கட்டைப்பின்னல் வலையை இயந்திரத்தால் ஆக்கும் முறையை 1808, 1809 ஆகிய ஆண்டுகளில் உரிமைப்பதிவு செய்தார். 1816-இல் லஃபரோ என்னும் ஊரிலிருந்த அவருடைய ஆலையைத் தொழிலாளர் புகுந்து உடைத்தனர். அவர் தம் தொழிலை டெவன் மாவட்டத்து டிவெர்ட்டனுக்கு மாற்றினார். கைப்பின்னலுக்குப் பெயர்போன ஹானிட்டன் அதே மாவட்டத்தில் உள்ளது! கைப்பின்னலாற் பிழைத்த குடும்பங்கள் அந்நாட்டில் வறுமையுற்றுக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்திலேயே, அக்கைத்தொழில் கடல்கடந்து திருவிதாங்கூரின் தென்பகுதியை அடைந்தது.

இலண்டன் மிசன் சங்கத்தைச் சார்ந்த சார்லசு மால்ட் என்பாரும் அவர் மனைவியார் மார்த்தா அம்மையாரும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப்பள்ளி நடத்தி, 1820-களின் தொடக்கத்திலேயே ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். அப்பள்ளியின் வழிவந்ததே இன்றைய டதி பெண்கள் பள்ளி. பெண்கல்வியை ஊரார் இகழ்ந்த காலமாதலின், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்ப்பதும் பள்ளிச் செலவை ஈடுசெய்வதும் எளியனவாக இல்லை. பின்னல் ஐரோப்பியக் குடும்பங்களிடையே விலைபோயிற்று. அவ்வருவாய் பள்ளிக்குத் துணையாயிற்று.

பள்ளியில் சேர்ந்தவருள் அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியரும் இருந்தனர். தாம் பின்னிய ரேந்தையால் ஈட்டிய பொருளைச் சேர்த்து உடையவர்க்குக் கொடுத்து அவர்களுட் சிலர் தம்மை மீட்டுக்கொண்டனர் என்று மிசன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை அரசாணையால் ஒழிக்கப்பெற்றது 1855-இல். அதற்கு ஒரு தலைமுறை முன்னரே, அங்குலம் அங்குலமாக வளரும் ஒரு நூல்விளிம்பின் விலை ஒரு பெண்ணின் விடுதலை விலையாயிற்று. இச்செய்தியைப் படிப்போர் ஒன்றை உளங்கொளல் வேண்டும். மிசன் வரலாறுகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் நன்கொடை தருவோர் படிப்பதற்கென எழுதப்பெற்றவை. கற்பித்தவர் பெயர் அவற்றுள் விளக்கமாக நிற்கும். மீண்டவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. என்ன விலை கொடுத்து மீண்டனர், எத்தனை ஆண்டு உழைத்தனர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே அறியும் வாய்ப்பு நமக்கு இல்லை. எனினும் செய்தியின் சாரத்தை ஐயுறுவதற்கு இடமில்லை. ஊதியம் தனித்தனியே கணக்கிடத்தக்க தொழிலாக இது இருந்தமையே மீட்சியை இயல்வதாக்கியது. வயலில் உழைக்கும் அடிமைக்கு அவ்வாறு தனிக்கணக்கு ஏது?

அதே காலத்தில் அதே நாட்டில் பெண்டிர் உடையைப் பற்றிய போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினராகக் கருதப்பட்ட பெண்டிர் மார்பையும் தோளையும் மறைத்தல் மரபுக்கு மாறு என்று தடுக்கப்பட்டது. 1829-இல் பிறந்த அரசாணை, கிறித்தவச் சாணார்ப் பெண்டிர் குப்பாயம் அணிய இசைந்தது. ஆயின் மேல்வகுப்புப் பெண்டிர் போல் தோளின்மீது சீலை இடுதலைத் தடுத்தது. 1858, 1859 ஆகிய ஆண்டுகளில் கலகம் மூண்டது. 1859 சூலை 26-ஆம் நாள் வெளிவந்த அறிக்கையே மேலாடைத் தடையைத் தளர்த்தியது. அவ்வறிக்கையிலும் மேல்வகுப்பார் அணியும் முறையில் அணியலாகாது என்னும் வரம்பு இருந்தது. குப்பாயம் என்பது சீவகசிந்தாமணியிலேயே இடம்பெற்ற பழஞ்சொல். அங்கே அது அயலானுடைய சட்டை. இங்கே அது ஓர் இனத்துப் பெண்டிரின் மானத்தோடு பிணைந்த சொல்லாயிற்று. ஐரோப்பியச் சீமாட்டியரின் தோளை அணிசெய்த ரேந்தையைப் பின்னியோர், தம் தோளின்மீது ஒரு சீலையை இட அரசின் இசைவுக்குக் காத்திருந்தனர். இவ்விரண்டு வரலாறுகளையும் தனித்தனியே எழுதுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

இடையன்குடி

மால்ட் இணையரின் மகளார் எலைசா அம்மையார். தமிழ் வழங்கும் சூழலில் வளர்ந்தமையால் அவருக்குத் தமிழ் இயல்பாக வாய்த்தது. 1844-இல் அவர் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். கால்டுவெல் 1838-இல் சென்னையில் இறங்கி, 1841-இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தவர். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், தேரிச் செம்மணலும் பனையும் சூழ்ந்த ஊர் அது. எலைசா அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப்பள்ளி அமைத்தார். தாயிடம் கற்ற ரேந்தைப் பின்னலை அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பனையேறிகளின் குடும்பங்களுக்குப் பதநீர் இறங்கும் காலம் போக ஆண்டின் பிற பகுதி வருவாய் குன்றிய காலம். அவ்வீட்டுப் பெண்பிள்ளைகள் கையில் ஒரு தொழில் இருந்தமையின் அருமையை இதனைக்கொண்டு உணரலாம்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-ஆம் ஆண்டைத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறிவர். அந்நூல் உருவான வீட்டில் ஒருபுறம் வினையடியும் வேற்றுமையுருபும் ஆராயப்பட்டன. மற்றொருபுறம் நூலும் கட்டையும் புரண்டன. எபிரேய மொழியில் மயிலைக் குறிக்கும் சொல் தமிழ்த் 'தோகை'யோடு உறவுடையது என்று கால்டுவெல் எழுதினார். தமிழிலிருந்து கடல்கடந்த சொல்லை அவ்வளவு ஆர்வத்தோடு தேடியவர் அவர். கடல்கடந்து தமிழுக்கு வந்த ஒரு தொழில் அவர் இல்லத்திலேயே நடந்தது. கணவரின் உழைப்பு நூலாகி நம் கையில் நிற்கின்றது. மனைவியாரின் உழைப்பு விற்பனையாகி, யார் யார் வீட்டு விரிப்புகளிலோ தேய்ந்து போயிற்று. இடையன்குடித் தூய திரித்துவ ஆலயம் 1880-இல் திருநிலைப்படுத்தப் பெற்றது. கால்டுவெல் 1891-இலும் எலைசா அம்மையார் 1899-இலும் மறைந்தனர்.

கத்தோலிக்கர் பக்கத்தும் இத்தொழில் வளர்ந்தது. பெல்சிய நாட்டு ஈப்பர் நகரத்துத் துறவுமடத்திலிருந்து அன்னை மரி லூயிசு தெ மேசுத்தர் 1897-இல் கன்னியாகுமரிப் பகுதியின் முளகுமூட்டுக்கு வந்தார். அங்கே ஆதரவற்ற சிறுமியர் இல்லத்தைச் சார்ந்து பின்னல்வேலை ஊன்றியது. ஈப்பர் நகரம் ரேந்தைக்குப் பெயர்பெற்றதாதலின் இத்தொடர்பு எளிதில் விளங்கும். வடக்கே, விழுப்புரத்துக்கு அண்மையில் உள்ள புதுச்சேரிக்கு 1827-இல் வந்த குளூனி சபைக் கன்னியர் பேணிய கைவேலை பூத்தையல். அது துணியின்மேல் ஊசியாற் செய்வது. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. துணியின்றித் தானே நிற்பதே ரேந்தை.

பெயர் வந்த வழி

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ரேந்தை' என்பது போர்த்துக்கீசிய 'ரெந்தா' என்பதன் திரிபு. மலையாளத்தில் 'ரேந்த' எனவும், சிங்களத்தில் 'ரேந்த' எனவும், மலாய் மொழியில் 'ரெந்தா' எனவும் இதுவே வழங்கும். போர்த்துக்கீசியர் கப்பல் சென்ற கரைதோறும் இச்சொல் ஒட்டிக்கொண்டது எனலாம். சாவி, சன்னல், அலமாரி, பொத்தான் முதலியனவும் அவ்வழி வந்தனவே. முத்துக்குளித்துறையில் பரதவர் திருமுழுக்குப் பெற்றது 1530-களில்; கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியது 1578-இல். இங்கிலாந்து நாட்டு அம்மையார் நாகர்கோவிலில் திண்டையும் கட்டையையும் எடுத்துவைப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே போர்த்துக்கீசியச் சொற்கள் இக்கரையில் இறங்கத் தொடங்கிவிட்டன.

ஆயின் பெயர் வந்தபோதே தொழிலும் வந்ததா? இவ்வினாவுக்குச் சிங்களம் விடைகாண உதவுகின்றது. காலி, வெலிகமை முதலிய தென்னிலங்கைக் கரையூர்களில் செய்யப்படும் கட்டைப்பின்னலுக்குப் 'பீரளு' என்று பெயர். நூல் சுற்றும் கட்டையைக் குறிக்கும் 'பில்ரு' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு அது. அங்கே பொருளின் பெயரோடு கருவியின் பெயரும் வந்துள்ளது. விலைக்கு வாங்கி உடுத்துவோர்க்குப் பொருளின் பெயர் போதும். கட்டையின் பெயர் வேண்டுவதில்லை. கட்டையின் பெயர் ஒரு மொழியில் ஊன்றுமாயின், கட்டையைப் பிடித்த கையும் அங்கே இருந்திருத்தல் வேண்டும். பொதுத்தமிழில் 'ரேந்தை' ஊன்றியிருக்க, 'பில்ரு' என்பதன் திரிபு ஊன்றக் காணோம். இதனால், தமிழ்க் கரையில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது உடையில் தைத்த விளிம்பும் அதன் பெயருமே என்றும், தொழில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில மிசன் பள்ளிகளின் வழியாக என்றும் கொள்ளுதல் பொருந்தும். தொழில் கைவந்த பின்னர் அதனைப் 'பின்னல்' எனத் தமிழே பெயரிட்டுக்கொண்டது. 'லேஸ்' என்னும் ஆங்கிலச் சொல் இந்நாளில் ஏனைய இரண்டையும் பின்னே தள்ளிவிட்டது. இயந்திரம் ஆக்கும் மலிவான விளிம்பு கடைகளில் நிறைந்தபின் பெயரும் கடைக்காரர் பெயராக மாறியது போலும். ஆராய்ச்சிக்கு இது ஒரு பொதுநெறியாகவும் உதவக்கூடும். கடன்சொற்களைத் தொகுப்போர் பொருட்பெயர், கருவிப்பெயர், தொழிற்பெயர் எனப் பிரித்துத் தொகுப்பின், எது வணிகத்தால் வந்தது, எது கைப்பழக்கத்தால் வந்தது என்பதை ஓரளவு துணியலாம்.

ரேந்தை எங்கும் விடுதலையே தந்தது என்று எண்ணிவிடலாகாது. ஆந்திர நாட்டு நரசபுரம் வட்டாரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசனரிகள் வழியாகவே பின்னல் பரவிற்று. அது கட்டையால் அன்றிக் கொக்கியூசியாற் செய்வது. அத்தொழிலை ஆராய்ந்த செருமன் அறிஞர் மரியா மீசு 1982-இல் வெளியிட்ட நூலில், அயல்நாட்டு ஏற்றுமதிக்காக நாளெல்லாம் பின்னும் பெண்டிர் தொழிலாளர் எனவே கணக்கிடப்படவில்லை என்பதை விளக்கினார். வீட்டிலிருப்போர் ஓய்வுநேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என அவ்வுழைப்பு பெயரிடப்பட்டது. கூலியும் அதற்கேற்பத் தாழ்ந்தது. ஆதாயம் இடைநின்ற வணிகர்க்குச் சென்றது. நாகர்கோவிற் சிறுமியின் பின்னல் தனிக்கணக்கில் ஏறியமையால் அவளை மீட்டது. நரசபுரத்துப் பெண்ணின் பின்னல் உழைப்பாகவே கணக்கில் ஏறவில்லை. நரசபுரப் பின்னல் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுலோவேனியா நாட்டுக் கட்டைப்பின்னலை ஐக்கிய நாட்டு யுனெசுகோ நிறுவனம் 2018-இல் மாந்தர் மரபுச்செல்வப் பட்டியலிற் சேர்த்தது. அந்நாட்டு இதிரியா நகரத்தில் 1876-இல் தோன்றிய ரேந்தைப் பள்ளி கற்பித்தலைத் தொடர்ந்து வந்தமை அதற்குப் பெருந்துணை. பட்டியலும் குறியீடும் கலையைக் காக்கலாம். கூலியைக் காக்குமா என்பது வேறு.

தமிழ்த்துறை மாணாக்கர்க்கு இதில் ஒரு பணி உண்டு. நாகர்கோவில், நெய்யூர், முளகுமூடு, இடையன்குடி ஆகிய ஊர்களின் பின்னற் சொற்களைத் தனியே தொகுத்தல் வேண்டும். மேலே யாம் குறுக்கீடு, முறுக்கு, அரைத்தையல், துணித்தையல் என எழுதியவை விளக்கத்தின் பொருட்டு ஆக்கிக்கொண்டவை. கைத்தொழிலார் வாயில் வழங்குபவை வேறாக இருக்கும். அவற்றை வினாப்பட்டியலை நீட்டிக் கேட்பதினும், பண்டிகை நாளிலோ வீட்டுத் திண்ணையிலோ முதியவர் ஒருவரைப் பின்னிக் காட்டச் சொல்லி, கை அசையும்போது வாயில் வரும் சொல்லை அவ்வப்போதே குறித்துக்கொள்ளுதல் நன்று. பூத்தொடுப்பாரிடமிருந்து எச்சொற்கள் இங்கு வந்தன என்பதையும் உடன் நோக்கவேண்டும். முதற்கண் கேட்கவேண்டியது, நூல் சுற்றிய அக்கட்டையை அவர்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதே.